ஏழு மணி வண்டி

லியூஷூ வார்டு அலுவலகம்,
ஜூன் 14.

அன்புள்ள தம்பி ஆ-யாவுக்கு,

அக்கா பி-ஷியா எழுதுவது. ரோட்டர்டாமில் இப்போதாவது வெயில் அடிக்கிறதா? உன் மனைவிக்கு இருமல் நின்றதா? இங்கே மழையும் புழுக்கமும் மாறி மாறி வந்து வீட்டுச் சுவரெல்லாம் வியர்க்கிறது. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் ஒரு விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் நீ அதற்குத் தீர்வு சொல்லிவிடுகிறாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. உட்கார்ந்து முழுதாகப் படி.

நீ ஆசைப்பட்ட ஸ்மார்ட் குப்பைத்தொட்டி எங்கள் வார்டுக்கு வந்துவிட்டது. கோவில் முக்கில், தினமும் மாலை குப்பை வண்டி வந்து நிற்குமே, அதே இடத்தில் ஆளுயர இரும்புப் பெட்டிகள் நான்கு. வீட்டுக்கு இரண்டு அட்டை கொடுத்திருக்கிறார்கள். அட்டையைக் காட்டினால் மூடி திறக்கும். பையைப் போட்டால் எடை பார்த்துவிட்டு ஒரு பெண் குரல் நன்றி சொல்லும். பெட்டி நிறைந்தால் தானே மாநகர அலுவலகத்துக்குச் செய்தி அனுப்பிவிடும். ராத்திரி பகல் எப்போது வேண்டுமானாலும் போடலாம். ஆகவே மாலை வண்டி நின்றுவிட்டது. வண்டி வரும்போது போடுவார்களே, கேட்டதும் எல்லாரும் பையோடு ஓடுவோமே, அந்தப் பியானோ மெட்டும் நின்றுவிட்டது.

திறப்பு விழாவுக்குப் பெரிய பெரிய ஆட்கள் வந்தார்கள். வார்டுத் தலைவி என்று முதுகில் எழுதிய என் மேல்சட்டையைத் துவைத்து இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, முதல் பையை நான்தான் போட்டேன். படத்தில் நன்றாக விழ வேண்டும் என்று பைக்குள் வெறும் செய்தித்தாளைச் சுருட்டி வைத்துக் கொடுத்தார்கள். உண்மையான குப்பையை அன்றைக்கு யாருமே கொண்டுவரவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. நாம் என்ன தின்கிறோம் என்று பெட்டி பார்த்து மேலே சொல்லிவிடும் என்கிறார் ஒருவர். வங்கியில் கடன் தரமாட்டேன் என்று சொல்கிற பெண் குரல் மாதிரியே இருக்கிறது, அதனால் போடமாட்டேன் என்கிறார் இன்னொருவர். பாதிப் பேர் பைகளை ஸ்கூட்டரில் தொங்கவிட்டுக்கொண்டு அடுத்த வார்டுக்குப் போய், அங்கே இன்னும் வந்துகொண்டிருக்கிற ஏழு மணி வண்டியில் போட்டுவிட்டு வருகிறார்கள். அந்த வார்டுத் தலைவர், து என்கிற கிழவர், எனக்கு நாள்தோறும் போன் போடுகிறார். “என்னம்மா பி-ஷியா, உன் வார்டு ஸ்மார்ட் ஆயிடுச்சு, என் வார்டு உனக்குக் குப்பைமேடு ஆயிடுச்சா? உங்காளுங்க எல்லாரும் இங்கதான் வந்து நிக்கிறாங்க. பேசாம ஓட்டையும் எனக்கே போடச் சொல்லு!” இதில் ஒரு சிரிப்பு வேறு. அந்தச் சிரிப்பைக் கேட்டால் போனைப் பெட்டிக்குள் போட்டு மூடிவிடலாம் போல் இருக்கிறது.

நியாயமாகச் சொன்னால் சந்தோஷப்படுகிறவர்களும் உண்டு. பின் சந்தில் யி-லிங் என்று ஒரு பெண் இருக்கிறாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ், தனியாக இருக்கிறாள். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “தலைவியக்கா, ஏழு மணிக்கு நான் என்னிக்கு வீட்ல இருந்திருக்கேன்? மீன் முள்ளக்கூட ஃப்ரீசர்ல வச்சிட்டு லீவு நாளுக்காகக் காத்திருப்பேன். ஐஸ்கட்டி எடுக்கப் போனா மீன் தல என்னையே பாக்கும்” என்றாள். அவளைப் போல வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு இது வரம்தான். அதை நான் மறுக்கவில்லை. மறுத்தால் எனக்கு வேலை சுலபமாக இருக்கும்.

இனி அப்பா. நீ கடைசியாக வந்தபோது ஆஸ்பத்திரியில் பார்த்தாயே, அதைவிடத் தேறித்தான் இருந்தார். பக்கவாதத்தில் வலது பக்கம் வரவில்லை என்றாலும் நாற்காலியில் உட்கார்ந்து, ஏதோ ஒன்றிரண்டு வார்த்தை சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது அதுவும் குறைந்துவிட்டது. மீன் கஞ்சியை வாய்க்குக் கொண்டுபோனால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். டாக்டர் வந்து பார்த்து மாத்திரையை மாற்றியிருக்கிறார். வயசு, நோய், என்ன செய்வது.

வார்சினியும் எனக்குப் போதாத காலத்துக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். ஜாவாவிலிருந்து அப்பாவைப் பார்த்துக்கொள்ள வந்து மூன்று வருஷம் ஆகிறது. இதற்கு முன் ஒரு நாள் முகம் சுளித்ததில்லை. முன்பெல்லாம் சாயங்காலமானால் குப்பையைக் கட்டி ஒரு கையில், அப்பாவின் நாற்காலியை ஒரு கையில் தள்ளிக்கொண்டு வண்டிக்குப் போவாள். அந்த வேலையும் இப்போது கிடையாது. காலையில் அலுவலகம் போகும்போது நானே பையை எடுத்துப் பெட்டியில் போட்டுவிடுகிறேன். “நீ பாட்டுக்கு உக்காந்து ஓய்வெடு” என்று சொன்னேன். அதற்கும் சந்தோஷம் இல்லை. “அம்மா, குப்பை?” என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். வேலையைக் குறைத்தாலும் குற்றம் என்றால் நான் என்னதான் செய்வது?

ஒரு கட்டுரை அனுப்பியிருந்தாயே, மக்கள் புதிய தொழில்நுட்பத்தை ஏற்கப் பழகும் காலம் என்று. அதைப் படித்தேன். பழகும் காலத்தில் வார்டுத் தலைவி என்ன செய்ய வேண்டும் என்று அதில் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். குழந்தைகளுக்கு என் அன்பு.

உன் அக்கா,
பி-ஷியா


லியூஷூ வார்டு,
ஆகஸ்ட் 27.

அன்புள்ள ஆ-யாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான்கு வரி எழுதியிருந்தாய். நான்கும் யோசனை.

இந்தத் தடவை நான் பட்ட அவமானத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். வேறு நாட்டிலிருந்து ஒரு குழு எங்கள் பெட்டிகளைப் பார்க்க வந்தது. கோவில் மண்டபத்தில் கூட்டம். மாநகர அலுவலகத்தில் இந்தத் திட்டத்தைப் பார்த்துக்கொள்கிற பையன் போ-ருய் திரையைப் போட்டு விளக்கினான். நல்ல பையன்தான். எதைச் சொன்னாலும் குறித்துக்கொள்வான், எதையும் நடத்திக் காட்டும் அதிகாரம் மட்டும் அவனுக்குக் கிடையாது. எந்த வீடு எத்தனை தடவை பெட்டியைத் திறக்கிறது என்று கோடு கோடாகப் படம் காட்டினான். பெயர் போடவில்லை, வீட்டு எண் மட்டும்தான். ஆனால் வார்டுத் தலைவியின் வீட்டு எண் தெரியாத ஆள் வார்டில் யார் இருக்கிறார்கள்? எல்லாக் கோடும் முழங்கால் உயரம் நிற்கிறது, என் வீட்டுக் கோடு மட்டும் கூரையைப் பிய்த்துக்கொண்டு போகிறது.

எதிர்வீட்டு ஃபான் அம்மாள் சத்தமாகவே கேட்டாள். “ஏன் தலைவியம்மா, வீட்ல அப்படி என்னதான் சாப்புடுறீங்க? எங்களையும் ஒருநாள் கூப்பிடக் கூடாதா?” மண்டபமே சிரித்தது. வந்த விருந்தாளிகளுக்கு மொழிபெயர்த்துச் சொல்லி, அவர்களும் ஒரு சுற்றுச் சிரித்தார்கள். போ-ருய் என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, “எடை ரொம்பக் கம்மிதான் அக்கா, தடவைதான் ஜாஸ்தி. பல தடவ வெறும் தோல் மாதிரி ஏதோதான் விழுந்திருக்கு” என்றான்.

கொதித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வார்சினியிடம் கேட்டால், “வாழப்பழத் தோலும்மா. நாறும்னு கொண்டு போனேன்” என்கிறாள். “ஒரு தோலுக்கு ஒரு தடவையா? நாலு தோலு சேர்ற வரைக்கும் பொறுக்க முடியாதா? ஊரே சிரிக்குது!” என்று கத்தினேன். அவளிடம் இருந்த அட்டையைக் கொடு என்றேன். இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தாள். அப்பா நாற்காலியில் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. டிவியைப் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டேன்.

அதற்கு அடுத்த வாரம் புயல் எச்சரிக்கை. அலுவலகத்தில் மணல் மூட்டை, மெழுகுவர்த்தி என்று பேசி முடித்துவிட்டு இருட்டும் நேரத்தில் வீட்டுக்கு வந்தால், வீடு பூட்டியிருக்கிறது. உள்ளே விளக்கு இல்லை. அடுப்பில் சூப்பு ஆறிக் கிடக்கிறது. அப்பாவையும் காணோம், நாற்காலியையும் காணோம், வார்சினியையும் காணோம். அவள் போன் மேசைமேல் இருந்தது.

இப்படி வேலைக்கு வந்த பெண்கள் ஓடிப்போவது கேள்விப்பட்டதுதான். ஆனால் எழுந்து நடக்க முடியாத மனிதரைத் தள்ளிக்கொண்டு யாராவது ஓடுவார்களா? சந்து சந்தாக ஓடினேன். ஃபான் அம்மாள் வீட்டில் அவளுடைய மாமியாரும் இல்லை, அவரைப் பார்த்துக்கொள்கிற பெண்ணும் இல்லை. “சோயா சாஸ் வாங்கப் போயிருப்பா” என்று ஃபான் அம்மாள் தலையைக்கூடத் திருப்பாமல் சொன்னாள்.

அப்புறம்தான் ஞாபகம் வந்தது. எங்கள் வார்டில் முக்குக்கு முக்கு ஸ்மார்ட் கம்பம் நிற்கிறதே, கேமராவோடு! போ-ருய்க்குப் போன் போட்டேன். அவன், “அக்கா, அந்தக் கேமரா வண்டிய மட்டும்தான் எண்ணும். ஆளப் பாக்கக் கூடாதுன்னு நீங்கதானே கூட்டத்துல சண்ட போட்டு எழுதி வாங்கினீங்க? போலீஸ்ல சொல்லுங்க, அவங்க எங்களுக்குக் கேட்டு எழுதுவாங்க, நாங்க மேல அனுப்பி...” என்று இழுத்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில், “என் வீட்டு வாழப்பழத் தோலு எத்தன கிராம்னு உனக்குத் தெரியுது. எங்கப்பா எங்க இருக்காருன்னு தெரியாதா?” என்று கேட்டுவிட்டேன். சண்டை போட்டு எழுதி வாங்கியது நான்தான். அது சரியும்கூட. ஆனால் அந்த நேரத்தில் சரியாவது ஒன்றாவது.

போலீஸ் நிலையத்துக்கு ஸ்கூட்டரைத் திருப்பும்போது கிழவர் து கூப்பிட்டார். எடுக்கவேண்டாம் என்றுதான் நினைத்தேன். எடுத்தேன். “ஏம்மா, உங்கப்பாவ எங்க வார்டுக்கு எழுதிக் குடுத்துட்டியா? இங்க ராஜா மாதிரி உக்காந்து எல்லாரையும் வெரட்டிக்கிட்டு இருக்காரு. சொல்லிப்புட்டேன், வந்து பாரு” என்றார்.

மேம்பாலத்துக்குக் கீழே, வெற்றிலைபாக்குக் கடை வெளிச்சத்தில் அவர்கள் நின்றிருந்தார்கள். நான் கொஞ்சம் தள்ளியே ஸ்கூட்டரை நிறுத்திவிட்டேன். ஐந்தாறு சக்கர நாற்காலிகள். எல்லாம் எங்கள் வார்டுக் கிழடுகள். ஃபான் அம்மாளின் மாமியார் முதல் ஆளாக இருந்தார். நாற்காலிகளுக்குப் பின்னால் வார்சினியும் அவள் ஊர்ப் பெண்களும், ஒரு காகிதப் பையிலிருந்து வாழைப்பழ வறுவலை எடுத்துத் தின்றுகொண்டு, ஒருத்தி பேச்சை ஒருத்தி பிடுங்கிப் பேசிச் சிரிக்கிறார்கள். வார்சினிக்கு அவ்வளவு பெரிய சிரிப்பு உண்டு என்று இந்த மூன்று வருஷத்தில் எனக்குத் தெரியாது.

அப்பா தொப்பி போட்டுக்கொண்டு மடியில் ஒரு குப்பைப் பையைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். மெட்டு கேட்டது. மஞ்சள் குப்பை வண்டி முக்கில் திரும்பி வந்தது, பாட்டில், காகிதம் வாங்குகிற வண்டி அதன் பின்னால். யாரோ ஒரு பெண் அவசரத்தில் கண்ணாடிப் பாட்டிலை அதில் எறியப் போனாள். அப்பா கத்தினார், ஆ-யாவ். “ஏய், ஏய்! பாட்டில் அதுல இல்ல! பின்னாடி வண்டி! பின்னாடி வண்டி!” முழு வாக்கியம். தெருவே கேட்கும்படி. அந்தப் பெண் “சரி பெரியவரே, கத்தாதீங்க” என்று சிரித்துக்கொண்டே பின்னாடி வண்டிக்குப் போனாள். பிறகு அப்பா நல்ல கையால் தன் பையைத் தூக்கி, வண்டிக்காரனிடம் தானே நீட்டினார்.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். டாக்டர், மாத்திரை, கஞ்சி என்று நான் இரண்டு மாதமாக அலைந்ததெல்லாம் கண்முன் வந்துபோனது.

என்னைப் பார்த்ததும் வார்சினிக்கு முகம் வெளுத்துவிட்டது. வறுவல் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, “அம்மா, தாத்தாதான் போகணும்னு சொன்னாரு” என்றாள். “தாத்தா எங்கடி பேசுறாரு?” என்று கேட்டேன். “வீட்ல பேசமாட்டாரு. இங்க வந்தா பேசுறாரு” என்றாள்.

வறுவல் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். நாற்காலியை நானே தள்ளிக்கொண்டு வந்தேன். அன்று ராத்திரி அப்பா இரண்டு கிண்ணம் கஞ்சி குடித்தார்.

இதற்கும் ஒரு யோசனை எழுதி அனுப்பாதே.

உன் அக்கா,
பி-ஷியா


லியூஷூ வார்டு,
நவம்பர் 19.

அன்புள்ள தம்பி ஆ-யாவுக்கு,

குளிர் ஆரம்பித்துவிட்டது. அப்பாவுக்குப் பழைய கம்பளிச் சட்டையை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். நீ அனுப்பிய கம்பளிச் சட்டை அழகாக இருக்கிறது, ஆனால் முன்பக்கம் திறக்கவில்லை. வராத கையை வைத்துக்கொண்டு அதைத் தலை வழியாக எப்படி மாட்டுவது? நீ அவரைப் பார்த்து வாங்கவில்லை. ஞாபகத்தை வைத்து வாங்கியிருக்கிறாய்.

அப்பா அறையில் கேமரா வைத்தால் உன் போனில் எந்நேரமும் பார்க்கலாம் என்று எழுதியிருந்தாய். வைக்கமாட்டேன். அந்த அறையில் அவர் பார்க்கும்படியாக ஒன்றும் செய்வதில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அதைப் பார்த்துவிட்டு, அப்பா சுகமாக இருக்கிறார் என்று நீ நிம்மதியாகத் தூங்குவாய்.

வண்டி விஷயத்தைச் சொல்கிறேன். திரும்பவும் மாலை வண்டியை விடுங்கள் என்று மாநகர அலுவலகத்துக்கு நடந்து நடந்து என் செருப்புதான் தேய்ந்தது. வெற்றி பெற்ற வார்டு என்று எங்களைப் பலகையில் எழுதிவிட்டார்களாம். வெற்றி பெற்றபிறகு வண்டி எதற்கு என்கிறார்கள். கருத்துக் கேட்டதில் மக்கள் திருப்தி என்று வந்திருக்கிறதாம். கருத்துக் கேட்டது போன் வழியாக. நாற்காலியில் இருக்கிறவர்களும் வார்சினிகளும் எந்தப் போனில் பதில் சொன்னார்கள்?

சரி, வார்டுக் கூட்டத்தைக் கூட்டினேன். அதுவும் ரகளைதான். பெட்டியை எடுத்துவிடுங்கள் என்று ஒரு பக்கம். யி-லிங் ஷிப்டு முடிந்து தூக்கக் கண்ணோடு வந்து எழுந்து நின்றாள். “பெட்டிய எடுத்தீங்கன்னா நான் மறுபடியும் மீன் தலையோடதான் குடும்பம் நடத்தணும். எங்கள மாதிரி ஆளுங்க வார்டு ஆளுங்க இல்லையா?” என்றாள். அவள் சொன்னதும் நியாயம்தான். வண்டியாவது வரட்டும், வயசானவர்கள் வெளியே வந்து காற்று வாங்குவார்களே என்று நான் சொன்னேன். வார்சினியும் மற்ற பெண்களும் கொஞ்சம் பேசிச் சிரிக்கட்டுமே என்றும் சொன்னேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

ஃபான் அம்மாள் எழுந்தாள். “பெட்டி வாசல்லயே இருக்குது. அவளுகளுக்கு வெளிய என்ன வேல? கூடிக் கூடிப் பேசினா சம்பளத்த ஒப்பிட்டுப் பாப்பாளுக. அப்புறம் ஒருத்தியும் நிக்கமாட்டா. உங்க வீட்டு ஆள நீங்க அனுப்பிக்குங்க தலைவியம்மா. எங்க வீட்டு ஆள நீங்க அனுப்ப வேணாம்” என்றாள். பலர் தலையை ஆட்டினார்கள். கெட்டவர்கள் இல்லை, ஆ-யாவ். எல்லாரும் என் கையால் சாப்பிட்டவர்கள். ஃபான் அம்மாள் புயலன்று மூன்று வீட்டுக்குச் சோறு ஆக்கிப் போட்டவள்.

வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டு அதையேதான் நினைத்தேன். குப்பை என்று ஒரு சாக்கு இருந்தவரைக்கும் யாரும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. யாரும் கொடுக்கவும் இல்லை. வண்டி வந்தது, போனார்கள். சாக்கைப் பிடுங்கிவிட்டோம், இப்போது அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது. கேட்டால் கிடைக்காது. வார்சினியை நான் தினமும் அனுப்பலாம். அவள் யாரோடு போய்ப் பேசுவாள்? கோவில் முக்கில் தனியாக நிற்பாளா?

வழி காட்டியது சாப்பாட்டு மிச்சம்தான். நம் ஆட்களைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே. பெட்டிக்குள் சூப்பு, நூடுல்ஸ், இறால் ஓடு, எல்லாவற்றையும் ஊற்றியிருக்கிறார்கள். எடை பார்க்கிற தட்டில் பிசுக்கு ஏறி, காலிப் பெட்டியை நிறைந்த பெட்டி என்று அது அலுவலகத்துக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டது. கோவிலுக்கு வருகிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சாமி கும்பிட்டார்கள். போ-ருய் அழுகிற நிலைமையில் என்னிடம் வந்தான்.

நான் சொன்னேன். “இதப் பாருப்பா, உலர்ந்த குப்பை பெட்டிக்கு. சாப்பாட்டு மிச்சம் பெட்டிக்கு வேணாம். அதுக்குத் தினமும் சாயங்காலம் ஒரு வண்டி விடு. வாளியில கொண்டாந்து ஆள் கையில குடுக்கணும். வாளிய அப்படியே வச்சிட்டுப் போகக் கூடாது. நின்னு வாங்கிட்டுத்தான் போகணும்.” அவன் குறித்துக்கொண்டான். இரண்டு நாளில் அதற்கு ஒரு பெயர் வைத்துவிட்டான், ஒருங்கிணைந்த இரட்டை முறை. அவனுடைய மேலதிகாரிகளுக்குப் பெயர் மிகவும் பிடித்துவிட்டதாம். பழைய வண்டியைத் திரும்பக் கேட்டபோது கிடைக்காதது, புதுப் பெயரில் கேட்டதும் கிடைத்துவிட்டது. யோசனை அவனுடையதாகவே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

அவனுக்கு முழுதும் புரிந்ததா என்று எனக்குச் சந்தேகமாகவே இருந்தது. போகும்போது வாசலில் நின்று, “அக்கா, கோவில் முக்குல ஸ்கூட்டர் நிறுத்தாம கோடு போடச் சொல்லட்டுமா? சக்கர நாற்காலி நிக்க எடம் வேணும்ல” என்று கேட்டான். எனக்கு அவனைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது. “போட்டுத் தொலை” என்று சொன்னேன்.

வார்டு ஒலிபெருக்கியில் நானே அறிவித்தேன். சாப்பாட்டு மிச்சத்தை அன்றன்றைக்கு, கையோடு, மாலை வண்டியில் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் கரப்பான்பூச்சி பெருகும், பெருகினால் வார்டு பொறுப்பில்லை என்றேன். கரப்பான் என்ற சொல் நன்றாக வேலை செய்தது. நாறும் வாளியைத் தூக்க ஃபான் அம்மாளுக்கு என்ன, இங்கே யாருக்குமே மனசு வராது. முணுமுணுத்துக்கொண்டே எல்லாரும் அவரவர் வீட்டுப் பெண்ணிடம் வாளியைக் கொடுத்து அனுப்பினார்கள். ஆளில்லாத வீட்டில் பெரியவர்களை எப்படி விட்டுவிட்டு வருவது? நாற்காலிகளும் கூடவே வந்துவிட்டன. சம்பளத்தைப் பற்றிப் பேசுகிறார்களா என்று எனக்குத் தெரியாது. பேசட்டும்.

கிழவர் து பார்க்க வந்தார். எதிர்க்கடையில் ஒரு தேநீர் வாங்கிக்கொண்டு முழு நேரமும் நின்றார். சிரிக்கவில்லை. “இத முன்னாடியே செஞ்சிருக்கலாம்ல” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவரால் முடிந்த பாராட்டு அது.

இனி, நான் கடிதம் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம்.

வாளி வாங்குகிற ஆள் பெயர் கை-மிங். முப்பத்தைந்து வயசிருக்கும், சொந்தமாக இரண்டு குழந்தைகள். வண்டி திரும்ப வந்த முதல் நாள் அவன் குனிந்து வாளியை வாங்கும்போது அப்பா அவன் முகத்தையே பார்த்துவிட்டு, “ஆ-யாவ், கையுறை போட்டுக்கோ” என்றார். அவன் யாரைக் கூப்பிடுகிறார் என்று பின்னால் திரும்பிப் பார்த்தான். அவன் ஆ-யாவ் இல்லையப்பா என்று நான் சொல்லப் போனேன். வார்சினி என் முழங்கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, அவன் காதில் ஏதோ சொன்னாள்.

அடுத்த நாள் அப்பா, “ஆ-யாவ், சாப்ட்டியா?” என்றார். “சாப்ட்டேன்பா” என்றான் கை-மிங். அப்பாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. அதிலிருந்து தினமும் இதுதான். சில நாள் அப்பா அவனைத் திட்டவும் செய்கிறார், ஏன் இவ்வளவு மெலிந்திருக்கிறாய், ராத்திரி ஏன் நேரம் கழித்து வருகிறாய் என்று. வண்டி நகரும் வரை நின்று, எல்லாவற்றுக்கும் “சரிப்பா, சரிப்பா” என்று சொல்லிவிட்டுத்தான் அவன் ஏறுகிறான். நீ பேச வேண்டியதை அவன் பேசிக்கொண்டிருக்கிறான். உன்னைவிட நன்றாகவே பேசுகிறான், யோசனை சொல்வதில்லை.

போன வாரம் டாக்டர் வந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். அவர் சொன்னதை நான் இதில் எழுதப்போவதில்லை. எழுதினால் நீ அதைப் பற்றி இணையத்தில் படிக்க உட்கார்ந்துவிடுவாய்.

நேற்று கை-மிங் வண்டியிலிருந்து இறங்கி என்னிடம் தனியாக வந்தான். புத்தாண்டு விடுமுறை முடிந்ததும் அவனுக்கு மலைப்பக்கத்துக்கு மாற்றலாம். கையைத் துடைத்துக்கொண்டே, “அக்கா, அடுத்து வர்றவர்ட்ட நான் சொல்லி வைக்கட்டுமா? பெரியவர் ஆ-யாவ்னு கூப்பிட்டா ஆமான்னு சொல்லச் சொல்லி?” என்று கேட்டான்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், ஆ-யாவ். அதற்குள் ஆமாம் என்று சொல்ல வீட்டிலேயே ஆள் இருக்கும் என்று சொல்லிவிட்டேன்.

உன் வேலை, லீவு, டிக்கெட், குழந்தைகளின் பள்ளிக்கூடம் எல்லாம் எனக்குத் தெரியும். உன் பெயருக்குக் கோவிலில் இந்த வருஷமும் விளக்கு ஏற்றியிருக்கிறேன். நீயும் உன் குடும்பமும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். கை-மிங்கிடம் நான் சொன்னது பொய்யாகாமல் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
பி-ஷியா